அம்மா முகாம், அப்பா மேலூர்: தங்கச்சியின் பாஸ்போர்ட் எங்கே நிற்கிறது

நான் பிறந்தது 2002, தங்கச்சி பிறந்தது 2007. ரெண்டு பேரும் மதுரை பெரியாஸ்பத்திரியில் பிறந்தோம், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஒரே வீட்டில் சண்டை போட்டு வளர்ந்தோம். என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. அவள் போட்ட விண்ணப்பத்துக்கு "இந்தியக் குடியுரிமை நிரூபிக்கப்படவில்லை" என்று கடிதம் வந்திருக்கிறது. அப்பா ஒன்றுதான், அம்மாவும் ஒன்றுதான். நடுவில் ஒரு சட்டத் திருத்தம் மட்டும் வந்துவிட்டது.

அம்மா இலங்கையின் மன்னார்க்காரர். 1990ல் மறுபடியும் சண்டை மூண்டபோது சின்னப் பிள்ளையாகப் படகில் வந்து இறங்கி, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து மேலூர்ப் பக்கம் திருவாதவூர் அகதிகள் முகாமுக்கு அனுப்பப்பட்டவர். அப்பா மேலூர்ப் பக்கம் லோடு வண்டி ஓட்டுகிறார். முகாமிலிருந்து பெயிண்டிங் வேலைக்குப் போகும் ஆட்களை ஏற்றி இறக்கிப் பழகியதில் என் மாமாவுக்குச் சிநேகிதராகி, அப்புறம் மாப்பிள்ளையும் ஆனார். நான் ஒத்தக்கடையில் ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்ப வேலையும் பார்க்கிறேன். ஹைகோர்ட் கிளை பக்கத்திலேயே இருப்பதால் வக்கீல் குமாஸ்தாக்கள் நாலு பேர் பழக்கம். அதனால் முகாம் சனம் பாதிப்பேர் பேப்பரைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். இதில் இருக்கிற விவரமெல்லாம் அப்படிச் சேர்ந்தது.

முதலில் தேதிகள். 1955 குடியுரிமைச் சட்டத்தின் 3வது பிரிவு ஆரம்பத்தில் ரொம்ப எளிமையானது. ஓரிரு விதிவிலக்குத் தவிர, இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன், பெற்றோர் யார் என்ற கேள்வியே கிடையாது. 1986ல் அதைத் திருத்தினார்கள். 1987 ஜூலை 1 முதல் பிறப்பவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று வந்தது. அந்தத் திருத்தத்துக்குக் காரணம் சொன்னபோதே வங்கதேசம், இலங்கை, சில ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களைக் குறிப்பிட்டுத்தான் சொன்னார்கள். 1983 கலவரத்துக்கு அப்புறம் ராமேஸ்வரம் கரையில் இறங்கிய சனம் அதில் அடக்கம். அடுத்த திருத்தம் 2003ல் நிறைவேறி, 2004 டிசம்பர் 3ல் அமலுக்கு வந்தது. அதிலிருந்து பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி"யாக இருக்கக் கூடாது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் எல்லாரும் அந்த வகைதான். குண்டுக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகப் படகேறி வந்தவர் எந்த அலுவலகத்தில் போய் விசா வாங்கியிருப்பார் என்று சட்டம் யோசிக்கவில்லை.

நான் 2002 என்பதால் அப்பா ஒருவர் குடிமகனாக இருந்ததே போதுமாகிவிட்டது. தங்கச்சி 2007 என்பதால் அம்மா வந்த படகு வரைக்கும் போய்க் கிளறுகிறார்கள்.

முகாமில் இந்தத் தேதிகளை ஒழுங்காகத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. இது முகாம் சமாசாரம் என்று ஊர்க்காரர்கள் நினைத்திருந்தார்கள், 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோதுதான் அவர்களுக்கும் இது வந்து சேர்ந்தது. 1987 ஜூலைக்கு முன் பிறந்தவருக்கு ஒரு மாதிரி ஆவணம், 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குக் கூடவே அப்பா அல்லது அம்மாவின் ஆவணம், அதற்கப்புறம் பிறந்தவருக்கு இருவருடையதும் என்று கேட்டார்கள். எல்லாம் அந்தக் குடியுரிமைச் சட்டத் தேதிகள்தான். "இதென்னப்பா கணக்கு" என்று கடைக்கு வந்து கேட்டவர்களுக்கு என் வீட்டுக் கதையைத்தான் உதாரணமாகச் சொன்னேன்.

இனி 2025 சட்டம். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் என்று புதிதாக ஒன்று வந்து, செப்டம்பர் 1 முதல் அமலில் இருக்கிறது. 1920 கடவுச்சீட்டு நுழைவுச் சட்டம், 1939 பதிவுச் சட்டம், 1946 வெளிநாட்டினர் சட்டம் எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டு இதை வைத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியபோது முகாமில் எத்தனையோ பேருக்குத் தூக்கம் போனது. கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்துக்கான தண்டனை கிடையாது என்று அது சொல்கிறது. உடனே அடுத்த வாட்ஸ்அப் செய்தி கிளம்பியது: "எல்லாருக்கும் குடியுரிமை கொடுத்தாச்சு." ஸ்வீட் கூட வாங்கினார்கள்.

கடைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். தண்டனை இல்லை என்று சொல்வது வேறு, உரிமை உண்டு என்று சொல்வது வேறு. அந்த ஆணை ஜெயில் பயத்தை எடுத்திருக்கிறது, அது பெரிய விஷயம்தான், நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. 2019ல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, முஸ்லிம் அல்லாத ஆறு சமயத்தவருக்கு மட்டும். 2024 மார்ச்சில் அதற்கு விதிகள் வந்தபோது முகாமிலிருந்து சில பேர் அந்த இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொல்லி வந்தார்கள். இலங்கை அதில் இல்லை என்று காட்டி, பணம் வாங்காமல் திருப்பி அனுப்பினேன்.

விலக்கு ஆணையில் கவனிக்க வேண்டியது "பதிவு செய்துகொண்ட" என்பது. ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு வெளியே போன முகாம் பெண்கள் நிறைய பேர், இனி எதற்கு இந்த அலைச்சல் என்று பதிவை விட்டுவிட்டார்கள். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாள் தவறினால் பெயர் நீக்கம், மறுபடி சேர்க்க மனு, அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை நிறுத்தம் என்று அலைய வேண்டியிருப்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. என் அம்மா மட்டும் பிடிவாதமாகப் பதிவை வைத்திருந்தார். அப்பா கூடக் கேலி செய்வார். இப்போது அம்மாவின் சிறையில்லாத நிம்மதி அந்த ஒரு பதிவில்தான் நிற்கிறது. முகாமுக்கு வெளியே இருப்பவர்கள் காவல் நிலையத்தில் செய்யும் வெளிப்பதிவும் அதே மாதிரி முக்கியம். ஒப்புகைச் சீட்டு, பழைய அடையாள அட்டை, மண்டபத்தில் முதன்முதலில் கொடுத்த பேப்பர், எதுவானாலும் நாலு பிரதி எடுத்து, போனிலும் போட்டு வையுங்கள். கரையான் அரித்துவிட்டது என்று வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன். அந்த மூலப் பேப்பர் இல்லாமல் 1990ல் வந்ததை நிரூபிப்பதற்குள் உயிர் போய்விடும்.

தங்கச்சி விவகாரத்துக்கு வருகிறேன். அவள் நர்சிங் படிக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிற நினைப்பில் இப்போதே பாஸ்போர்ட் எடுக்கிறார்கள், இவளும் போட்டாள். விண்ணப்பம் போடுமுன் ஒரு புரோக்கர், "அம்மா பேரைப் போட்டு விட்டுருங்க, முகாம்னு யார் கேக்கப் போறா, வெரிஃபிகேஷன நான் பாத்துக்குறேன்" என்றார். அங்கே நான் பிடிவாதமாக இருந்தேன். பாஸ்போர்ட் சட்டத்தில் 12வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குடிமகன் அல்லாதவர் தன் தேசத்தை மறைத்துப் பாஸ்போர்ட் வாங்கினால் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை, கூடவே அபராதம். போலி பாஸ்போர்ட், விசா என்றால் 2025 சட்டத்தில் இரண்டிலிருந்து ஏழு வருடம். வாக்காளர் அட்டை வாங்கித் தருகிறேன் என்று சொல்பவர்களிடமும் சிக்காதீர்கள், பொய்யான உறுதிமொழிக்குத் தனித் தண்டனை இருக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம், நாளைக்கு நியாயமாகக் கேட்கப்போகும்போது, "இவர் ஏற்கெனவே ஏமாற்றியவர்" என்று ஒரு வரி எதிர்த்தரப்பு மனுவில் வந்துவிடும். ஆதார் அட்டை முகாமில் எல்லாரிடமும் இருக்கிறது. அது இங்கே வசிப்பவருக்குக் கொடுப்பது, குடியுரிமைக்குச் சான்று ஆகாது.

அதனால் உள்ளதை உள்ளபடி எழுதினோம். எதிர்பார்த்தது போலவே போலீஸ் விசாரணைக்கு அப்புறம் நின்றது. விண்ணப்பம் போன அலுவலகத்தில் ஒருவர், "இலங்கைக்காரப் பிள்ளைக்கெல்லாம் கிடைக்காதும்மா, போயிட்டு வா" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பப் பார்த்தார். நாங்கள் நகரவில்லை. மறுப்பு என்றால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், கேட்டால் பிரதி கொடுக்க வேண்டும் என்பது பாஸ்போர்ட் சட்டத்தின் 5வது பிரிவிலேயே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மனு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினோம். கொஞ்ச நாளில் அந்தக் கடிதம் வந்தது. மறுப்புக் கடிதம் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம். ஆனால் அந்தத் தாள் இருந்தால்தான் மேல்முறையீடு, அந்தத் தாள் இருந்தால்தான் ஹைகோர்ட்டில் ரிட் மனு. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு, கடிதம் கைக்கு வந்த தேதியைக் கவரிலேயே எழுதி வையுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த உரிமை குடிமக்களுக்குத்தான், 3வது பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. தன் குடியுரிமைக் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கக் குடிமகனாக இருக்க வேண்டுமாம்! அதனால் மனுவை அப்பா பெயரில் போட்டோம், தங்கச்சியின் சம்மதக் கடிதத்தை இணைத்தோம். இல்லாவிட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று தட்டிவிடுவார்கள்.

வக்கீல் செலவு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. குடிமகனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஆணைக்குழு இருக்கிறது, ஹைகோர்ட் கிளைக்கும் தனிக் குழு இருக்கிறது. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில் இந்தியா என்ன தர்ம சத்திரமா என்றுகூடக் கேட்டார்கள், அதைப் படித்த அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. ஆனாலும் அரசியலமைப்பின் 14, 21 பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டுமானவை அல்ல, எந்த மனிதருக்கும் உரியவை. எங்கும் குடியிருக்கும் உரிமை, தொழில் செய்யும் உரிமை என்று 19ல் இருப்பவைதான் குடிமக்களுக்கு மட்டும். மனு எழுதும்போது எந்தப் பிரிவைப் பிடித்துக் கேட்கிறோம் என்பதில் இந்த வித்தியாசம் வரும்.

எங்களுக்கு அமைந்த வக்கீல் பேசும்போது வார்த்தையை அளந்து பேசுவார். "தம்பி, மதுரைக் கிளையில் நல்ல உத்தரவு இருக்கு, அதுக்காக நாளைக்கே கையில பாஸ்போர்ட்டுன்னு நினைக்காத" என்றார். அவர் சொன்ன இரண்டு உத்தரவுகள் இவை. 2019 ஜூனில், மலையகப் பூர்வீகம் கொண்ட, அதாவது இங்கிருந்து இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சமான, திருச்சிப் பக்க முகாம்களில் இருந்த 65 பேர் வழக்கில், அவர்கள் மறுபடி விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். கவனியுங்கள், கொடுக்கச் சொல்லவில்லை, முடிவெடுக்கச் சொன்னார்கள். "பரிசீலிக்கவும்" என்று வருகிற உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயித்துவிட்டோம் என்று முகாமில் வெடி வெடிப்பவர்கள், அப்புறம் பரிசீலித்து மறுத்த கடிதத்தோடு திரும்பி வருகிறார்கள். 2022 உத்தரவு வேறு மாதிரி. மண்டபம் முகாமில் 1986ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்திருந்தார்கள். 1987 ஜூலைக்கு முன்னால் இங்கே பிறந்தவர், பிறப்பாலேயே குடிமகள், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று நேராகச் சொல்லிவிட்டார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். உங்கள் வீட்டில் அந்தத் தேதிக்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்கள் இருந்தால் இன்றைக்கே பிறப்புச் சான்றிதழைத் தேடுங்கள். அவர்களுக்கு யாரும் புதிதாக உரிமை கொடுக்க வேண்டாம், பிறந்தபோதே இருக்கிறது.

2007க்கு அந்த நேர்வழி இல்லை. எங்கள் வாதம் இரண்டு. ஒன்று, அரசாங்கமே பதிவு செய்து, முகாமில் வீடு கொடுத்து, மாதாமாதம் பணக்கொடையும் கொடுத்து வைத்திருக்கும் அம்மாவை எப்படிச் சட்டவிரோதக் குடியேறி என்பது. இரண்டு, அது எடுபடாவிட்டாலும், சட்டவிரோதக் குடியேறி என்றால் இந்தியாவுக்குள் "நுழைந்த" வெளிநாட்டவர் என்றுதான் சட்டம் சொல்கிறது, தங்கச்சி எங்கிருந்தும் நுழையவில்லை, பெரியாஸ்பத்திரியில் பிறந்தாள். ஆகவே பிறப்பு வழி அடைத்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறும் வழி அவளுக்கு அடைபடக் கூடாது. அம்மாவுக்கு அந்த வழி அடைத்துத்தான் கிடக்கிறது. இந்தியரைக் கட்டி ஏழு வருடம் இங்கே வாழ்ந்தவர் 5வது பிரிவில் பதிவு கேட்கலாம், ஆனால் சட்டவிரோதக் குடியேறி கேட்க முடியாது. இருபது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் படகுதான் குறுக்கே நிற்கிறது.

பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். 5வது பிரிவின் 4வது உட்பிரிவில், சிறப்புச் சூழ்நிலை இருந்தால் எந்த மைனரையும் மத்திய அரசு குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்று இருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை, அவர்கள் விருப்பம்தான். ஆனாலும் கேட்பதற்கு அது ஒரு கதவு, பதினெட்டோடு மூடிவிடும். தங்கச்சிக்கு 2025ல் மூடிவிட்டது. பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு ஆகிற அப்பாமார் பிளஸ் டூ முடியட்டும் என்று இருக்காதீர்கள்.

விண்ணப்பம் கலெக்டர் அலுவலகம் வழியாகத்தான் போகும், ஆனால் முடிவு டெல்லியில். இதைப் புரிந்துகொள்ளாமல் மாநில அரசின் மனுநீதி நாளில் குடியுரிமை கேட்டு வரிசையில் நிற்பவர்கள் உண்டு. முகாம் வீடு, பணக்கொடை, கல்வி உதவி இவை மாநிலத்தின் கையில். 2021ல் அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றி, புது வீடுகளும் அறிவித்தார்கள், அது நிஜமாகவே நல்லது செய்தது. போர்டு மாறினாலும் சட்டத்தில் நிலை மாறாது, அவ்வளவுதான்.

இன்னொரு வழியையும் சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் தங்கச்சி பிறப்பைப் பதிந்து, அம்மா வழியில் இலங்கைக் குடியுரிமை எடுத்து, அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போய்விடலாம் என்று. திரும்பிப் போக முடிவு செய்த குடும்பங்களுக்கு அது சரியான வழிதான், அப்படிப் போய் நன்றாக இருப்பவர்களைத் தெரியும். இங்கேயே வாழப்போகிறவர்களுக்கு அது சிக்கல். அந்த நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்த நிமிஷத்திலிருந்து சொந்த வீட்டில் இருக்க விசா கேட்க வேண்டிவரும். பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று கோர்ட்டில் வாதாடிக்கொண்டே அதைச் செய்தால் வாதமும் போய்விடும். என் மாதிரி ஏற்கெனவே குடிமகனாக இருப்பவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் 9வது பிரிவில் இந்தியக் குடியுரிமை போய்விடும். தங்கச்சி யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு மன்னார் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாதுண்ணே" என்று சொல்லி மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட்டாள். அம்மாவுக்கு அது கொஞ்சம் சுட்டது என்று நினைக்கிறேன், வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

2022ல் இலங்கையில் பொருளாதாரம் விழுந்தபோது தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்கள் நிலைமை இதையெல்லாம்விட மோசம். 2015 ஜனவரிக்கு அப்புறம் வந்தவர்கள் என்பதால் விலக்கு ஆணை அவர்களைத் தொடவே இல்லை. பழைய முகாம் ஆட்களுக்கு வந்த செய்தியைத் தங்களுக்கும் என்று நினைத்து அவர்கள் எந்த அலுவலகத்திலும் போய் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம், முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறக்கட்டும்.

கடைக்கு வருகிறவர்கள் இவற்றை எடுத்து வாருங்கள்: பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரில் இந்தியராக இருப்பவரின் பிறப்பு அல்லது பள்ளிச் சான்று, பழைய வாக்காளர் பட்டியலில் அவர் பெயர் உள்ள பக்கம், முகாம் பதிவின் முதல் தாள், திருமணப் பதிவுச் சான்று. மலையகப் பூர்வீகம் என்றால், தோட்டத் தமிழர்களில் யார் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தக் காலத்தில் தாத்தா பாட்டி விண்ணப்பித்த தாள், கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்த பேப்பர் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள், அதற்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் இல்லை. பெயரில் ஓர் எழுத்து ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதை மனு போடுவதற்கு முன்னாலேயே சரி செய்ய வேண்டும். கல்யாணத்தைப் பதியாதவர்கள் அதை முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கடை கிடையாது.